ஆன்டிபயாடிக் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள்: வயிற்றுக்கோளாறு உள்ள வீட்டிலிருந்து ஒரு விமர்சனம்

ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பெட்டியோடு வாங்கினால் உள்ளே பொடி எழுத்தில், பல மடிப்பாக மடித்து ஒரு தாள் இருக்கும். இந்த விமர்சனம் அந்தத் தாளைப் பற்றித்தான், மருந்தைப் பற்றி அல்ல. பெரும்பாலானவர்கள் பிரித்தே பார்க்காமல் குப்பையில் போடுகிற ஒன்றுக்கு இவ்வளவு நீளமாக விமர்சனமா என்று தோன்றலாம். எங்கள் வீட்டில் அதற்குக் காரணம் இருக்கிறது. அம்மாவுக்குக் குடலில் ஒரு பகுதியை அறுவை சிகிச்சையில் எடுத்திருக்கிறார்கள், நெஞ்செரிச்சலுக்குத் தினமும் மாத்திரை, இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து, எலும்புக்குக் கால்சியம், இதற்கு நடுவில் வருஷத்தில் சில தடவை ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக் வந்து சேரும். அப்படி வரும்போதெல்லாம் எனக்கு இருக்கும் கேள்வி ஒன்றுதான்: விழுங்கிய மாத்திரையில் எவ்வளவு உண்மையிலேயே இரத்தத்துக்குள் போகப்போகிறது? பக்கவிளைவுப் பட்டியலை எல்லோரும் படித்துப் பயப்படுகிறார்கள், எனக்கு அந்தப் பயத்தைவிட மருந்து உள்ளே ஏறாமலேயே போய்விடுமோ என்ற பயம்தான் அதிகம். ஆகவே வேறு வேறு மருந்து, வேறு வேறு நிறுவனம் என்று நிறையத் தாள்களைச் சேர்த்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடவே சாப்பிடும் மற்ற மருந்துகளால் என்ன ஆகும் என்பதைச் சொல்வதில் இந்தத் தாள்கள் பொதுவாக நன்றாகவே இருக்கின்றன, சில மிக நன்றாக இருக்கின்றன. ஆனால் அந்த மாத்திரை எப்படிப்பட்ட வயிற்றுக்குள் போகிறது என்பதைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்வதில்லை. நல்ல குடல், வெட்டிய குடல், புண்ணான குடல், மெதுவாக நகரும் வயிறு எல்லாமே அவற்றுக்கு ஒன்றுதான்.

முதலில் பாராட்டு. நான் படித்ததில் சிப்ரோஃப்ளாக்சசின் தாள்தான் இந்த விஷயத்தில் தெளிவு. ஆன்டாசிட் (வயிற்று அமிலத்தைத் தணிக்கும் ஜெல் அல்லது மாத்திரை), கால்சியம், இரும்பு, துத்தநாகம், சுக்ரால்ஃபேட், சிறுநீரக நோயாளிகள் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தச் சாப்பிடும் மருந்து, பால், தயிர் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருப்பார்கள். காரணமும் எளிதானதுதான். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் குடும்பமும், டாக்சிசைக்ளின் உள்ளிட்ட டெட்ராசைக்ளின் குடும்பமும் அலுமினியம், மெக்னீசியம், கால்சியம், இரும்பு மாதிரியான உலோகங்களைக் குடலுக்குள் சந்தித்தால் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டியபின் அந்தக் கூட்டால் குடல் சுவரைத் தாண்ட முடியாது, மலத்தோடு வெளியேறிவிடும். இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. ஆன்டாசிட் குடித்த சில நிமிடங்களில் சிப்ரோஃப்ளாக்சசின் போட்டால் உள்ளே ஏற வேண்டியதில் பத்தில் எட்டு பங்குக்கு மேல் வீணாகிப் போகலாம். நார்ஃப்ளாக்சசினைச் சுக்ரால்ஃபேட்டோடு சேர்த்து எடுத்தால் இழப்பு 98 சதவீதம் வரை போனதாகப் பதிவு இருக்கிறது, அதாவது மாத்திரை சாப்பிட்டதற்கும் சாப்பிடாததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சுக்ரால்ஃபேட் வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கிற மருந்து, அதில் அலுமினியம் இருக்கிறது என்பது சாப்பிடுகிற பலருக்குத் தெரியவே தெரியாது, தாள் சொன்னால்தான் உண்டு.

இந்த அறிவு புதிதும் அல்ல. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948இல் வெளியே வந்தது. அது வயிற்றைப் புரட்டும் என்பதால் கூடவே அலுமினியம் ஹைட்ராக்சைடு ஜெல் கொடுத்தார்கள், அப்படிக் கொடுத்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு விழுந்துவிடுகிறது என்பதை 1950இலேயே கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். எழுபது வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த ஒரு விஷயம், இன்னமும் தாளின் இரண்டாவது பக்கத்தில் 'மற்ற மருந்துகள்' என்ற தலைப்புக்குக் கீழே, கவுட் மருந்துக்கும் வலிப்பு மருந்துக்கும் நடுவில் ஒரு வரியாக ஒடுங்கிக் கிடக்கிறது என்பதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். ஒரு மாத்திரையில் பெரும்பகுதி வீணாகும் என்றால் அது பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய விஷயம்.

அடுத்து இடைவெளி. இங்கேதான் தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் அங்கீகரித்த சிப்ரோஃப்ளாக்சசின் குறிப்பில், இந்தப் பொருட்களுக்கு 2 மணி நேரம் முன்னால் அல்லது 6 மணி நேரம் பின்னால் ஆன்டிபயாடிக்கைப் போட வேண்டும் என்று இருக்கும். ஐரோப்பியக் குறிப்பில் 1 முதல் 2 மணி நேரம் முன்னால் அல்லது குறைந்தது 4 மணி நேரம் பின்னால். லெவோஃப்ளாக்சசினுக்கு முன்னும் பின்னும் 2 மணி நேரம் போதும் என்கிறார்கள். மாக்சிஃப்ளாக்சசினுக்கு அமெரிக்கக் குறிப்பில் 4 மணி நேரம் முன்னால் அல்லது 8 மணி நேரம் பின்னால், ஐரோப்பாவில் சுமார் 6 மணி நேரம். சரி, நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறட்டும், பாதுகாப்பான பக்கம் நீளமான இடைவெளியை எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் ஒரு விஷயத்தை எல்லாத் தாளும் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்: ஆன்டிபயாடிக் முதலில், மற்றவை பிறகு. இந்த வரிசையில் போனால் குறைந்த இடைவெளியே போதும், தலைகீழாகப் போனால் பல சமயம் இன்னும் சில மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. முன்னால் 2, பின்னால் 6 என்ற எண்களுக்குள் இந்த அர்த்தம் ஒளிந்திருக்கிறது, காய்ச்சலோடு படுத்திருப்பவர் அதைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

டாக்சிசைக்ளின் தாள்கள் எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. ஆன்டாசிட், இரும்பு, துத்தநாகம், பிஸ்மத் (வயிற்றுக்கோளாறுக்குக் கொடுக்கும் ஒரு உலோக மருந்து) ஆகியவற்றோடு ஒரே நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எவ்வளவு நேரம் தள்ளி என்பதை விட்டுவிடுகிற தாள்களைப் பார்த்திருக்கிறேன். இரும்பு விஷயத்தில் இது முக்கியம், ஏனென்றால் டாக்சிசைக்ளின் உள்ளே ஏறியபின்னும் அதில் ஒரு பங்கு திரும்பக் குடலுக்குள் வந்து மறுபடி உறிஞ்சப்படுகிறது, அந்தச் சுற்றில் இரும்பு காத்திருந்தால் அங்கேயும் பிடித்துக்கொள்ளும். ஊசி வழியாக நரம்பில் டாக்சிசைக்ளின் கொடுத்தவர்களுக்கே, வாய்வழியாக இரும்பு சாப்பிட்டால் மருந்து உடம்பில் தங்கும் நேரம் குறைந்தது என்று பழைய ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால் டாக்சிசைக்ளின் சாப்பிடும் சில நாட்களுக்கு இரும்பு மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்ல கேள்வி, பல சமயம் சரி என்பார்கள், ஏனென்றால் இரும்பு ஒரு வாரம் தள்ளிப்போனால் பெரிதாக எதுவும் ஆகிவிடாது. நாமாக முடிவெடுத்து நிறுத்த வேண்டாம், கேட்டுச் செய்யலாம். அந்தத் தாளில் நிறைவாகத் தண்ணீர் குடித்து நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்கச் சொல்லியிருப்பார்கள், அது உறிஞ்சுதலுக்காக அல்ல, உணவுக்குழாயில் புண் வராமல் இருக்க, அதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், அதற்கு நன்றி.

செஃப்டினிர் தாளுக்கு ஒரு தனிப் பாராட்டு. இரும்பு இதன் உறிஞ்சுதலை 80 சதவீதம் வரை குறைக்கும், 2 மணி நேர இடைவெளி வேண்டும் என்பதோடு நிற்காமல், இரும்பும் இதுவும் சேர்ந்தால் மலம் சிவப்பாகப் போகலாம், அது இரத்தம் அல்ல என்பதையும் சொல்கிறது. குழந்தைகளுக்குக் கொடுக்கிற மருந்து இது, பெற்றோர் பயந்து போகக்கூடிய ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் நல்ல குறிப்புக்கு அடையாளம்.

இப்போது நான் மிகவும் அக்கறைப்படும் ஒரு குழப்பத்துக்கு வருகிறேன். நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் எல்லாவற்றையும் மக்கள் ஒரே பெயரில், அசிடிட்டி மாத்திரை என்றுதான் சொல்கிறார்கள், தாள்களும் அவற்றை அடுத்தடுத்த வரிகளில் வைத்துவிடுகின்றன. ஆனால் அங்கே இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. ஒன்று மேலே சொன்ன ஒட்டிக்கொள்ளும் பிரச்சினை, அலுமினியம், மெக்னீசியம், கால்சியம் உள்ள ஆன்டாசிட் ஜெல்லும் மென்று சாப்பிடும் மாத்திரையும் இதில் வரும், நேரத்தைத் தள்ளி வைத்தால் தீர்ந்துவிடும். இரண்டாவது, வயிற்றில் அமிலமே குறைந்துபோகிற பிரச்சினை. ஒமேப்ரசோல், பான்டோப்ரசோல், ஃபாமோடிடின் எல்லாம் இதில் சேரும். இவற்றில் ஒட்டிக்கொள்ள உலோகம் கிடையாது, அதனால் சிப்ரோஃப்ளாக்சசினைப் போய்ப் பிடித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் செஃபுராக்சிம் ஆக்செட்டில், செஃப்போடாக்சிம் ப்ராக்செட்டில் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் வயிற்று அமிலத்தில் நன்றாகக் கரைந்தால்தான் சரியாக உள்ளே ஏறும், அமிலம் குறைந்தால் ஏறுவதும் குறையும். ஒமேப்ரசோல் வகையின் வேலை ஒரு நாளுக்கும் மேல் நீடிப்பதால் காலையில் அது, இரவில் இது என்று பிரித்துச் சாப்பிட்டாலும் பயன் இல்லை. 2 மணி நேரம் தள்ளிச் சாப்பிட்டோம், இனிக் கவலையில்லை என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே செய்ய வேண்டியது, வேறு ஆன்டிபயாடிக் கொடுக்க முடியுமா, அல்லது அசிடிட்டி மாத்திரையைச் சில நாள் நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்பது. நான் பார்த்த தாள்களில் ஒன்றுகூட 'இதை நேரம் பிரித்துச் சரிசெய்ய முடியாது' என்ற ஒரு வாக்கியத்தை நேராக எழுதவில்லை. அந்த ஒரு வாக்கியம் இருந்தால் நான் இன்னும் ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுத்திருப்பேன்.

எல்லா ஆன்டிபயாடிக்கும் இப்படி அமிலத்தை நம்பி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தேவையில்லாத பயம் வரும். அமாக்சிசிலினுக்கு இந்தத் தொல்லை கிடையாது, சொல்லப்போனால் இரைப்பையில் எச்.பைலோரி கிருமி இருந்தால் அமாக்சிசிலினையும் ஒமேப்ரசோல் வகை மாத்திரையையும் வேண்டுமென்றே சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். அதே கிருமிக்கான இன்னொரு சிகிச்சையில் டெட்ராசைக்ளினையும் பிஸ்மத்தையும் ஒன்றாகத் தருவார்கள், மேலே சொன்னதற்கு முரணாகத் தெரியும். அங்கே தாக்க வேண்டிய கிருமி இரைப்பைச் சுவரிலேயே இருக்கிறது, அதனால் கணக்கு வேறு. மருத்துவர் அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் இதைப் படித்துவிட்டு நேரத்தை மாற்ற வேண்டாம்.

சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதில் தாள்களுக்கு முழு மதிப்பெண். செஃபுராக்சிம் வெறும் வயிற்றில் 37 சதவீதம் ஏறுகிறது, சாப்பாட்டுக்குப் பின் 52 சதவீதம், அதனால் சாப்பிட்டபின் போடச் சொல்கிறார்கள். நைட்ரோஃப்யூரன்டாயினும் சாப்பாட்டோடுதான், அது வயிற்றைப் புரட்டாமல் இருக்க மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், சாப்பாட்டோடு எடுத்தால் அதிகமாக ஏறும் என்பதும் ஒரு காரணம். ஃப்ளூக்ளாக்சசிலின் நேர்மாறு, சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்னால் அல்லது 2 மணி நேரம் பின்னால். ரிஃபாம்பிசினும் வெறும் வயிற்றில்தான். இதெல்லாம் தாளில் தெளிவாக, முதல் பக்கத்திலோ மூன்றாம் தலைப்பிலோ கண்ணில் படும்படியே இருக்கிறது.

சரி, இனிக் குறை.

வாய்வழி மருந்துகளில் பெரும்பாலானவை சிறுகுடலின் மேல்பகுதியில்தான் உள்ளே ஏறுகின்றன. அந்தப் பகுதி அறுவை சிகிச்சையில் போய்விட்டால், அல்லது உடல் பருமனுக்கான பைபாஸ் அறுவையில் அதைச் சுற்றிவளைத்து உணவைக் கீழே விட்டுவிட்டால், மருந்துக்குக் கிடைக்கும் இடமும் நேரமும் குறையும். அப்படிப் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு அசித்ரோமைசின் கொடுத்து அளந்தபோது, உடம்புக்குக் கிடைத்த மொத்த அளவு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அசித்ரோமைசின் நல்ல உடம்பிலேயே 37 சதவீதம் அளவுக்குத்தான் ஏறுகிறது, அதிலும் மூன்றில் ஒரு பங்கு போனால் என்ன மிஞ்சும்? அந்த மருந்தின் தாளில் ஆன்டாசிட்டைப் பற்றி எழுதியிருப்பார்கள், கல்லீரல், இதயத் துடிப்பு பற்றியெல்லாம் எச்சரிக்கை இருக்கும், எல்லாம் தேவையானதுதான். ஆனால் 'உங்களுக்கு வயிற்றிலோ குடலிலோ அறுவை நடந்திருக்கிறதா, இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்' என்ற கேள்வியை நான் பார்த்த தாள்களில் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. சிறுநீரகத்தைக் கேட்கிறார்கள், கல்லீரலைக் கேட்கிறார்கள், கர்ப்பத்தைக் கேட்கிறார்கள், மாத்திரை உள்ளே போகிற வாசலான குடலைக் கேட்பதில்லை.

சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை பொருத்தியவர்களுக்கு இது இன்னும் மோசம். மெதுவாகக் கரையும்படி செய்த நீண்டநேர மாத்திரைகளும், அமிலத்தில் கரையாதபடி மேல்பூச்சு கொடுத்த மாத்திரைகளும் கரைந்து முடிவதற்குள்ளேயே பைக்கு வந்துவிடலாம், சிலர் முழு மாத்திரையையே பையில் பார்த்திருக்கிறார்கள். இவர்களுக்குத் திரவ மருந்தோ, தண்ணீரில் கரைக்கும் மாத்திரையோ, சாதாரண மாத்திரையோ பொருந்தும். நீண்டநேர மாத்திரையின் தாளில் உடைக்காதீர்கள், மெல்லாதீர்கள் என்று அழுத்தமாக எழுதுகிறவர்கள், குடல் நீளம் குறைந்தவர்களுக்கு இந்த வடிவம் பொருந்தாமல் போகலாம் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சீலியாக் நோய், கிரோன் நோய் போன்ற குடல் சுவரைப் புண்ணாக்கும் நோய்களைப் பற்றி எழுதுவது கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். குடல் சுவர் கெட்டுப்போனால் எல்லா மருந்தும் குறைவாகத்தான் ஏறும் என்று நாம் நினைப்போம், ஆனால் அளந்து பார்த்தால் சில மருந்துகள் குறைகின்றன, சில மாறாமல் இருக்கின்றன, சில எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே ஏறுகின்றன. சுவர் புண்ணாகி இருந்தால் தடுப்பும் தளர்ந்துவிடுகிறது, குடலின் அமிலத்தன்மை மாறுகிறது, வயிறு காலியாகும் வேகம் மாறுகிறது, எல்லாம் சேர்ந்து விளையாடுவதால் ஒரு பொது விதியாக எழுத முடியாது. எழுத முடியாது என்பதையாவது எழுதலாம். நோயாளி மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

சர்க்கரை நோய் பல வருஷம் இருந்தவர்களில் சிலருக்கு இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். மாத்திரை வயிற்றிலேயே கிடந்து, ஏறுவது தாமதமாகும், உச்ச அளவு குறையும். மொத்த அளவு பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடும் என்றாலும், கடுமையான தொற்றில் முதல் சில மணி நேரம் முக்கியம் அல்லவா? வாந்தி, வயிற்றுப்போக்கு விஷயத்தில்தான் எனக்கு நிஜமாகவே வருத்தம். கருத்தடை மாத்திரையின் தாளை எடுத்துப் பாருங்கள், மாத்திரை போட்ட 3 முதல் 4 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தாலோ கடுமையான பேதி இருந்தாலோ அந்த மாத்திரையைத் தவறவிட்டதாகக் கணக்கிட்டு என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லியிருப்பார்கள். ஆன்டிபயாடிக் தாளில் வாந்தியும் பேதியும் பக்கவிளைவுப் பட்டியலின் முதல் வரியிலேயே வரும், அதாவது நிறைய பேருக்கு வரும் என்று அவர்களே சொல்கிறார்கள், ஆனால் வாந்தியோடு மாத்திரையும் வெளியே வந்துவிட்டால் மறுபடி போடுவதா கூடாதா என்பதற்குப் பெரும்பாலான தாள்களில் பதில் இல்லை. தவறவிட்ட வேளைக்கு என்ன செய்வது என்று ஒரு பத்தி இருக்கிறது, அதற்குக் கீழே இதையும் சேர்க்க இடம் தாராளமாக இருக்கிறது. சாதாரண வயிற்றுப்போக்கில் நன்றாக ஏறும் மருந்துகள் பெரும்பாலும் ஏறிவிடும், எதுவும் தங்காத அளவுக்குப் போனால்தான் கவலை, அப்போது வீட்டில் யோசித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும், ஊசியாக மாற்ற வேண்டி வரலாம்.

இந்த அறிவு எங்குமே எழுதப்படவில்லை என்று நினைக்க வேண்டாம். பெனிசிலின் வி மருந்துக்கு மருத்துவர்களுக்கென்று தனியாக எழுதிய குறிப்பில், கடுமையான நோய் உள்ளவர்களுக்கும், குமட்டல், வாந்தி, இரைப்பை விரிவு, குடல் அதிவேகமாக இயங்குவது போன்றவை உள்ளவர்களுக்கும் வாய்வழி மருந்தை நம்பியிருக்கக் கூடாது என்று பளிச்சென்று இருக்கிறது. நான் தேடிய வாக்கியம் அதுதான், மருத்துவருக்கான காகிதத்தில் இருக்கிறது, நோயாளிக்கான காகிதத்துக்கு வந்து சேரவில்லை. அதேபோல எத்தனை சதவீதம் ஏறும் என்ற எண்ணும் மருத்துவர்களுக்கான குறிப்பில்தான் கிடைக்கும்: லெவோஃப்ளாக்சசினும் லினசோலிடும் கிட்டத்தட்ட முழுசாக ஏறும், சிப்ரோஃப்ளாக்சசின் 70 சதவீதம் வாக்கில். வாய்வழி மாத்திரை ஊசிக்குச் சமமா என்று கவலைப்படுகிற குடும்பத்துக்கு இந்த ஒரு எண் எவ்வளவு தைரியம் கொடுக்கும் தெரியுமா.

காசநோய் மருந்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாதக்கணக்கில் சாப்பிடுவது. ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் இரண்டுமே வெறும் வயிற்றில் நன்றாக ஏறும், ஆன்டாசிட் எடுப்பதாக இருந்தால் மருந்து போட்டுக் குறைந்தது 1 மணி நேரம் கழித்துத்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இவற்றின் அளவு இரத்தத்தில் குறைவாக இருப்பதைப் பல இடங்களில் அளந்து சொல்லியிருக்கிறார்கள், சந்தேகம் இருந்தால் இரத்தத்தில் அளந்து பார்க்கவும் வழி உண்டு. வயிறு சரியில்லாத ஒருவர் மாதக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிட்டும் குணம் தெரியவில்லை என்றால், ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அவர்மேல் பழி போடுவதற்கு முன்னால் மருந்து ஏறுகிறதா என்று பார்க்கலாமே.

ஏறாமல் இருப்பதே நல்லது என்கிற மருந்தும் இருக்கிறது. குடலில் சி.டிஃபிசில் கிருமியால் வரும் கடும் பேதிக்கு வாய்வழியாகக் கொடுக்கிற வான்கோமைசின் இரத்தத்துக்குப் போகாமல் குடலிலேயே நின்று வேலை செய்ய வேண்டும். நல்ல குடலில் அப்படித்தான் நடக்கிறது. குடல் மிகவும் வீங்கிப் புண்ணாகி இருந்தால், கூடவே சிறுநீரகமும் சரியில்லை என்றால், கொஞ்சம் இரத்தத்துக்குள் கசியலாம். இந்த மருந்தின் குறிப்பில் குடல் அழற்சி இருந்தால் கவனம் தேவை என்று எழுதியிருக்கிறார்கள். ஆக, குடலின் நிலையைப் பற்றித் தாளில் எழுத முடியும், எழுதியும் இருக்கிறார்கள், மற்ற மருந்துகளுக்கும் எழுதினால் போதும்.

எங்களுக்கு உண்மையில் உதவியது ஒரு மருந்தாளுநர். மருந்துச்சீட்டைப் பார்த்துவிட்டு "அம்மாவுக்கு குடல்ல எந்தப் பகுதி எடுத்திருக்காங்க, மேல்பகுதியா கீழ்ப்பகுதியா?" என்று கேட்டார். தாள் எதுவும் கேட்காத கேள்வி. கீழ்ப்பகுதிதான் என்று சொன்னதும் கொஞ்சம் நிம்மதியாகச் சிரித்து, மாத்திரை ஏறும் இடம் இருக்கிறது, நீண்டநேர மாத்திரை மட்டும் வேண்டாம் என்று சொல்லி, மருத்துவரிடம் பேசிச் சாதாரண மாத்திரையாக மாற்றிக் கொடுத்தார். அப்புறம் கால்சியம், இரும்பு இரண்டையும் எப்போது தள்ளி வைப்பது என்று பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதித் தந்தார். அந்தப் பேனா எழுத்து முழுத் தாளையும்விடப் பயனாக இருந்தது.

மதிப்பெண் கொடுப்பதாக இருந்தால், மற்ற மருந்துகள் விஷயத்தில் ஐந்துக்கு நான்கு, சாப்பாடு விஷயத்தில் ஐந்துக்கு ஐந்து, வயிற்றுக்கோளாறு விஷயத்தில் ஐந்துக்கு ஒன்று. வடிவமைப்புக்கு ஒன்றரைக்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை, எழுத்து அவ்வளவு பொடி, வயதானவர்கள் படிக்கவே முடியாது, அவர்கள்தான் அதிக மாத்திரை சாப்பிடுகிறவர்கள்.

அட்டையை வெட்டி நான்கு மாத்திரை மட்டும் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தாள் கையிலேயே வராது. அப்படி வாங்கும்போது பெட்டியில் இருக்கும் தாளை ஒரு நிமிடம் கேட்டு வாங்கிப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மருந்து வாங்கும்போது மருந்தாளுநரிடம், தினமும் சாப்பிடும் அசிடிட்டி மாத்திரை, சத்து மாத்திரை, கால்சியம், இரும்பு, மலச்சிக்கலுக்குக் குடிக்கும் மெக்னீசியம் கலந்த மருந்து என்று மருத்துவர் எழுதாமல் நீங்களாக வாங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள், குடலில் ஏதாவது அறுவை நடந்திருந்தால் அதையும் அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.